அடுத்தவர் வளவில் கன்னிக்கால்

கப்பலில் வேலை செய்த காலத்தில் செல்வநாயகத்தின் வாயில் ஒரு பெருமை எப்போதும் கிடந்தது. "உலகம் முழுக்கச் சுத்திப் பாத்திட்டன். தெருவிலை படுக்கிற சனம் இல்லாத ஊர் எங்கடை ஊர் ஒண்டுதான்," என்பார். லீவில் வரும் போதெல்லாம் சொல்லுவார். சொந்த ஊரான மயிலிட்டியில் அதைக் கேட்காத காது இல்லை.

அந்த வாய்க்குத்தான் வினை வந்தது. தொண்ணூறாம் ஆண்டு ஆனி மாதம் ஷெல் வந்து விழ, ஊர் முழுக்க உடுத்த உடுப்போடு கிளம்பியது. மகள் மீனாம்பிகைக்குச் சீதனமென்று கட்டிய கல்வீடு ஆமிக்காரன் கையில். வீட்டுக்காரரோ மானிப்பாயில், இராசநாயகம் என்பவரின் தென்னங்காணியில், நிவாரணத்தில் கிடைத்த தறப்பாளைக் கூரையாகப் போட்டுத் தென்னோலைக் கிடுகால் மறைத்த கொட்டிலில் கிடந்தார். அவரோடு ஓடிவந்த சனமும் அக்கம்பக்கம் அப்படித்தான் கிடந்தது. உலகம் சுற்றிய மனிதருக்குக் குந்தக் குடிநிலம் இல்லை.

இரண்டு வருடம் போனது. யுத்தத்துக்கு முடிவு வரவில்லை. மீனாம்பிகைக்குக் கலியாணம் வந்தது. மாப்பிள்ளையும் மயிலிட்டிப் பொடியன்தான். அவன் தகப்பன் கதிரவேலு இடம்பெயர்ந்து நல்லூரில் மச்சான் வீட்டில் இருந்தார். நல்ல மனிதர், ஆனால் ஊர்வாய்க்குப் பயந்தவர்.

"செல்வநாயகம் அண்ணை, நல்லூரிலை என்ரை மச்சான்ரை வீடு பெரிய வீடு. அங்கை வைச்சுத் தாலியைக் கட்டுவம். கொட்டிலுக்கை வைச்சா சனம் என்ன கதைக்கும்?"

"பொம்பிளை தாய் தேப்பன்ரை வீட்டிலையிருந்துதான் போறது," என்றார் செல்வநாயகம்.

"அப்ப கலியாணப் பந்தலுக்குக் கன்னிக்காலை எங்கை நடுவியள்?"

"என்ரை வீட்டு ஈசான மூலையிலை."

கதிரவேலு கொட்டிலை ஒரு முறை சுற்றிப் பார்த்தார். "சரி அண்ணை. கன்னிக்கால் நிக்கிற வீடெண்டா வாறம். இல்லாட்டி நல்லூர்தான். பிறகு என்னைக் குறை சொல்லாதையுங்கோ."

மனைவி கமலாவதி அன்றைக்கே சண்டையைத் தொடங்கிவிட்டாள். "இஞ்சேருங்கோ, பிள்ளை நல்ல வீட்டிலை மணவறையிலை இருக்கட்டுமன். உங்கடை வீம்புக்கு அவளை ஏன் தறப்பாளுக்குக் கீழை இருத்திறியள்?"

வீம்புதான். ஆனால் அந்த வீம்பை அவர் சும்மா பெற்றுக்கொள்ளவில்லை. பம்பாயில், துறைமுகத்துக்கு வெளியே, நடைபாதையில் ஒரு கடைச் சுவரோடு கட்டிய சாக்கு மறைப்புக்குள் ஒரு கலியாணம் கண்டிருக்கிறார். மாப்பிள்ளை ஊர்வலம் அந்தச் சந்தியிலிருந்து இந்தச் சந்திவரைக்கும்தான். ஆனாலும் மேளம் அடித்தார்கள், தெருவால் போன இவரையும் மறித்து இனிப்புக் கொடுத்தார்கள். மார்செய் நகரத்தில் தேவாலயப் படியில் படுக்கும் கிழவன் ஒருவன், மழைக்கு ஒதுங்கிய இவருக்குத் தன் மட்டைப்பெட்டிப் படுக்கையில் பாதியைத் தட்டித் துடைத்து இருக்கச் சொன்னான். லண்டனில் ஒரு பாலத்துக்குக் கீழே படுத்திருந்தவளின் கம்பளியைத் தெரியாமல் மிதித்துவிட்டார். அவள் எழும்பி நின்று ஏசிய ஏச்சு, முற்றத்தில் மாடு புகுந்தால் எங்கள் ஊர் வீட்டுக்காரி ஏசுவாளே, அதே ஏச்சு.

அப்போதெல்லாம் ஐயோ பாவம் என்றுதான் நினைத்தார். இன்றைக்கு மற்றவர்கள் அதே ஐயோ பாவத்தோடு தன்னைப் பார்க்கும்போது அவருக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. மகளை நல்லூரில் இரவல் வீட்டிலிருந்து அனுப்பினால், தனக்கு வீடு இல்லை என்று தானே ஒப்புக்கொண்டதாகிவிடும். அதற்கு அவர் ஆயத்தமில்லை.

தாலிக்குப் பொன்னுருக்கும் நாள் காலையில் முள்முருக்கங் கம்பு ஒன்றை வெட்டிவந்து, கொட்டிலின் ஈசான மூலையில் குழி கிண்டி நட்டார்கள். நிவாரணப் பால்மாவைக் கரைத்துக் கமலாவதி பால் ஊற்றினாள். மாவிலை கட்டினார்கள். கன்னிக்கால் துளிர்த்தால் குடும்பம் தழைக்கும் என்று சொல்வார்கள். முருக்கு துளிர்க்காமல் விடுமா? தலைகீழாக நட்டாலும் துளிர்க்கும்.

அங்கேதான் வந்தது கரைச்சல். யாழ்ப்பாணத்தான் வேலிக்குக் கதியாலாக நடுவதும் இதே முருக்கைத்தான். கதியால் ஒரு சாண் தள்ளிப்போனால் கூடப்பிறந்தவனையே கோட்டுக்கு இழுப்பான். இராசநாயகமும் தம்பியோடு வேலி வழக்குப் பேசிப் பேசியே தலை நரைத்தவர். சனம் ஷெல்லுக்கு ஓடிவந்தபோது படலையைத் திறந்துவிட்டவரும் அவர்தான், அதை மறைக்கக்கூடாது. ஆனால் தன் காணிக்குள் ஒரு முருக்கங் கம்பு நிமிர்ந்து நிற்பதைக் கண்டதும் மனிதருக்குப் பயம் பிடித்துவிட்டது.

செல்வநாயகம் வாழைமரம் தேடிப் போய்த் திரும்பி வருகையில் கன்னிக்கால் வேலியோரம் கிடந்தது. கமலாவதி மண்ணில் இருந்து அழுதுகொண்டிருந்தாள். "அபசகுனமாப் போச்சுது. இனி நல்லூருக்கே போவம்," என்றாள். மீனாம்பிகை அழவில்லை. மாவிலையில் ஒட்டிய மண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள். அதைப் பார்த்ததும் செல்வநாயகத்துக்குக் கோபம் வந்தது. அலவாங்கை எடுத்து அதே குழியை ஆழமாகக் கிண்டினார்.

சத்தம் கேட்டு இராசநாயகம் வந்துவிட்டார். "ஆரைக் கேட்டு நட்டனீர்?"

"ஆரைக் கேட்டுப் பிடுங்கினியள்?"

"இது என்ரை காணி."

"இது என்ரை மகளின்ரை கன்னிக்கால்."

"முருக்கு வேர் விடும், செல்வநாயகம். வேர் விட்டா எல்லை எண்டுவீர். எல்லை எண்டா நாளைக்குக் கோட்டிலை வந்து நிப்பீர். எனக்குத் தெரியாதே?"

செல்வநாயகத்துக்குச் சிரிப்பு வந்தது. பம்பாயில் அந்தச் சாக்கு மறைப்புக்குச் சுவர் கொடுத்த கடைக்காரனுக்குக்கூட இப்படி ஒரு யோசனை வந்திருக்காது. இது எங்கள் மண்ணில் மட்டும் விளையும் புத்தி.

"ஐயா, மயிலிட்டியிலை எனக்குக் காணி இருக்கு, கிணறு இருக்கு. உங்கடை காணியிலை ஒரு சாண் எனக்கு வேண்டாம். ஊருக்குப் போற அண்டைக்கு உந்தக் காலை நானே கிளப்பித் தருவன்."

"எப்ப போவீர்?"

கேட்டவருக்கே கேள்வி பிழைத்துப்போனது தெரிந்தது. கொட்டில்களிலிருந்து சனம் எட்டிப் பார்த்தது. செல்வநாயகத்தின் சிரிப்பு நின்றுவிட்டது.

"அதை எங்களைக் கலைச்சவனிட்டைக் கேளுங்கோ. என்னட்டைக் கேக்கிறியளே? வீட்டைப் பறிச்சுப்போட்டாங்கள், சரி. என்ரை மகளின்ரை கலியாணத்துக்கு நாலுபேரை வாங்கோ எண்டு கூப்பிடுற வாயை ஒருத்தனும் பறிக்கேலாது. உதைப் பிடுங்கிறதெண்டா முதல் என்னைப் பிடுங்குங்கோ."

கம்பைக் குழியில் இறக்கி, மண்ணை மிதித்து, அதில் முதுகைச் சாய்த்து வெறுந்தரையில் இருந்துவிட்டார். கமலாவதி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பினாள். உள்ளே போய் மிச்சப் பால்மாவைக் கரைத்துவந்து, இராசநாயகத்தாரின் கண்ணுக்கு முன்னாலேயே மறுபடியும் ஊற்றினாள். "விதானையாரிட்டைச் சொல்லுறன்," என்று முணுமுணுத்துக்கொண்டு மனிதர் திரும்பினார். சொன்னாரோ இல்லையோ, கிராமத்து அதிகாரியான அந்த விதானையார் வரவில்லை. கலியாணம் வரைக்கும் செல்வநாயகத்தின் சாப்பாடும் படுக்கையும் அந்தக் கம்படியில்தான்.

கலியாணத்தன்று கதிரவேலு மாப்பிள்ளையோடு வந்தார். முதலில் கண்ணை ஓட்டியது ஈசான மூலைக்கு. கன்னிக்கால் நின்றது. "வந்திட்டம், சம்பந்தி," என்றார். அவ்வளவுதான். நாதஸ்வரக்காரரும் மயிலிட்டி ஆள்தான், அவரும் அகதிதான்; காற்றுக் கொஞ்சமும் குறையாமல் ஊதினார்.

தாலி கட்டி முடிந்து பந்தி தொடங்குகையில், தென்னை மரத்தோடு ஒதுங்கி இராசநாயகம் நிற்பதைச் செல்வநாயகம் கண்டார். இடுப்பில் சாரம், தோளில் பழைய துவாய். கலியாணத்துக்கு வந்த கோலம் இல்லை. முருக்கு துளிர் விட்டுவிட்டதோ என்று பார்க்க வந்த கோலம்.

செல்வநாயகம் சந்தனக் கும்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே அவரிடம் போனார்.

"வாங்கோ ஐயா, வாங்கோ! வீட்டுக்கு வந்தவர் வெளியிலை நிக்கிறதே?"

பந்தியில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ பெரிய விருந்தாளி என்று நினைத்துக் கதிரவேலு எழும்பிக் கும்பிட்டார். இராசநாயகத்தாருக்கு ஓடவும் வழியில்லை, ஒளிக்கவும் வழியில்லை. துவாயைத் தோளிலிருந்து இறக்கினார். சந்தனத்தைத் தொட்டு நெற்றியில் வைத்தார். தன் சொந்தக் காணியில் முன்பின் தெரியாதவர் போலச் செல்வநாயகத்தின் பின்னால் நடந்தார்.

கொட்டில் வாசலில் செல்வநாயகம் தறப்பாள் ஓரத்தைக் கையால் தூக்கிப் பிடித்தார்.

"குனிஞ்சு வாங்கோ, ஐயா. எங்கடை வாசல் கொஞ்சம் பதிஞ்சு கிடக்கு."