பதினோரு பாதித் தகடுகள்

அப்பாவை அடக்கம் செய்யும் நாள் காலையில் எவால்ட் மாமா சின்னக் கறுப்பு வெல்வெட் மெத்தையோடு வந்தார். பதக்கம் வாங்கிய ராணுவத்தார் இறந்தால், கூட இருந்த ஒருவர் அந்தப் பதக்கங்களை மெத்தையில் ஏந்திச் சவப்பெட்டிக்கு முன்னால் நடப்பார். மாமா போரில், ஜெர்மன் படையில் மேஜராக இருந்த அப்பாவின் கீழ் சார்ஜென்ட். இப்போது வேசர் ஆற்றுப் பாலத்தருகே இறைச்சிக்கடை வைத்திருக்கிறார்.

"சிலுவைப் பதக்கம் எங்க ரோஸ்வித்தா? பழசை எடுத்துட்டு வந்துடாத. ஸ்வஸ்திகா போட்டதை வெளிய காட்டினா போலீஸ் வந்துடும். அது இல்லாம இப்ப விக்கிற புதுசு வாங்கி வச்சாரா உங்கப்பா?"

"வாங்கலை மாமா. பழசும் இல்லை. அவர் மேசையில இதுதான் இருந்தது."

புகையிலை டப்பாவைத் திறந்தேன். பதினோரு பாதித் தகடுகள். சிப்பாயின் கழுத்தில் தொங்கும் அடையாளத் தகடு நடுவில் உடையும்படி செய்யப்பட்டது. அவன் இறந்தால் ஒரு பாதி உடலோடு போகும். மறுபாதியை அதிகாரி தலைமையகத்துக்கு அனுப்ப வேண்டும். அப்போதுதான் வீட்டுக்குச் செய்தி வரும். இவை போகவே இல்லை. கூடவே அப்பாவின் கையெழுத்தில், தகட்டு எண்களோடு பதினோரு பெயர்கள். நான்காவது, ஹென்னிங் லூடர்ஸ்.

அவருடைய மனைவி இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். பதினான்கு வருடமாகக் கணவர் காணாமல் போனவர். ரஷ்யாவிலிருந்து கைதிகளின் ரயில் வந்தபோதெல்லாம் அவர் புகைப்படத்தோடு நிலையத்தில் நின்றார். சனிக்கிழமைகளில் மாமாவிடம்தான் கறி வாங்குவார்.

மாமா உட்கார்ந்துவிட்டார்.

"பின்வாங்கச் சொல்லி உத்தரவு வந்துச்சு. உங்கப்பா கேக்கல. இன்னும் ஒரு நாள் அந்த மேட்டைப் பிடிச்சு வச்சா சிலுவை கிடைக்கும்னு நின்னாரு. 'மேஜருக்குத் தொண்டை வலி, அங்க சிலுவை தொங்கினாத்தான் குணமாகும்'னு பசங்க கேலி பண்ணுவாங்க. ஆரம்பிச்சு வச்சவனே லூடர்ஸ்தான்." சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "இந்தப் பதினோரு பேரும் அங்க செத்த தேதியை எழுதினா, உத்தரவுக்கப்புறம் அங்க ஏன் இருந்தீங்கன்னு கேப்பாங்க. காணோம்னு எழுதிட்டாரு. நானும் கையெழுத்துப் போட்டேன்."

"மெத்தையில இதை வைக்கப் போறேன் மாமா."

"பைத்தியமா உனக்கு? பெத்த அப்பனை ஊர் முன்னால அவமானப்படுத்துவியா?"

நாலு பேர் முன்னால் நிற்கச் சொன்னாலே எனக்குக் குரல் போய்விடும். பட்டியலை மாமா முன்னால் விரித்து, அதில் இருந்தபடி தகடுகளை மெத்தையில் இடமிருந்து வலமாக அடுக்கினேன்.

"நீங்க தூக்கலைன்னா நான் தூக்கிட்டு வரேன்."

தேவாலய மணி அடித்தது. மாமா எழுந்தார். தொப்பியைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு, மெத்தையை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டார்.

கல்லறையில் குழிக்குள் மண் போட வரிசை நகர்ந்தது. லூடர்ஸ் அம்மா கையில் மண்ணோடு மெத்தையருகே நின்றார்.

"என்ன எவால்ட் இது? மேஜரோட சிலுவை எங்க?"

"ஹென்னிங்கும் இதுல இருக்கான், கெர்லிண்டா."

வரிசை நின்றுவிட்டது. அந்த அம்மா இன்னும் ஓரடி நெருங்கி வந்தார்.

"எது?"

பட்டியலை எடுக்க நான் சட்டைப்பைக்குள் கைவிட்டேன். மாமா குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"இடது பக்கத்துலேருந்து நாலாவது."

அவர் மண்ணைப் புல்லில் உதறிவிட்டு, அந்தக் கையாலேயே தகட்டை எடுத்தார்.