பாக்கலாங்க என்றால் இல்லை

கிட்டுசாமியின் கட்டைவிரலைக் காவு வாங்கியவள் என்று நல்லூரில் என்னைப் பற்றி இன்றைக்கும் சொல்கிறார்கள். கத்தரியைப் பிடித்தது அவன் கை, வெட்டுப்பட்டது அவன் விரல், பெயர் மட்டும் எனக்கு. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள்.

அறுபத்தெட்டில் நான் பசீர் அகமது முதலாளியின் பனியன் கம்பெனியில் தைத்து வந்த பீஸ்களை மடித்துக்கொண்டிருந்தேன். வயது இருபது. கிட்டுசாமி அங்கே கட்டிங் மாஸ்டர். துணியை அடுக்கடுக்காக விரித்து, இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, வலது கையால் பெரிய கத்தரியை ஓட்டுவான். அடியில் கிடக்கும் துணிகூட நூலளவு பிசகாது. அந்த வேலையை நான் நின்று பார்த்திருக்கிறேன், இல்லையென்று சொல்லவில்லை. வேலையைப் பார்த்தால் ஆளைப் பார்த்ததாக ஆகிவிடுமா? ஆகிவிடும் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

ஒரு நாள் மத்தியானம் சோறு தின்று கை கழுவிவிட்டு வந்தேன். என் மேசைக்குப் பக்கத்தில் நின்றிருந்தான்.

"அம்மிணி, உங்க ஊட்டுக்கு எங்கம்மாவ வந்து பேசச் சொல்லட்டுங்களா?"

"பாக்கலாங்க மாஸ்டரே" என்றேன்.

எங்கள் பக்கத்தில் யாரும் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல மாட்டார்கள். பெண் கேட்டு வந்தவர்களிடம் பாக்கலாங்க என்றால் வேறு இடம் பாருங்கள் என்று அர்த்தம். வேலை கேட்டு வாசலில் நிற்பவர்களிடம் கிட்டுசாமியே தினமும் அந்த வார்த்தையைத்தான் சொல்வான். அவர்கள் மறுபேச்சில்லாமல் திரும்பிப் போவார்கள். அவன் சொன்னால் இல்லை, நான் சொன்னால் ஆமாம். என்ன நியாயமோ.

மறுநாளிலிருந்து என் மேசையில் மல்லிகைப் பூ கிடந்தது. நான்கு நாள் அதை எடுத்துப்போய் அவன் மேசையிலேயே வைத்தேன். ஐந்தாம் நாள் வாயைத் திறந்தே சொல்லிவிட்டேன். "வேண்டாங்க. எனக்கு இஷ்டமில்லீங்க."

அவன் சிரித்தான். "அன்னைக்குப் பாக்கலாம்னு சொன்னீங்கள்ல" என்றான்.

அதற்குப் பிறகு சாப்பாட்டை விட்டான், சவரத்தை விட்டான். கொட்டும் மழையில் எங்கள் சந்து முனையில் வந்து நின்றான். கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய்விட்டது. கம்பெனியே அவனுக்காக உருகியது. என் பக்கத்தில் உட்கார்ந்து மடிக்கும் ஜெய்புன்னிசா, "எப்படி உருகறாரு பாருடி, நமக்கெல்லாம் இப்படி ஒருத்தரு கெடைக்கலியே" என்று பெருமூச்சு விட்டாள். அவன் பட்டினி கிடந்ததற்கு நானா அவன் வீட்டு அடுப்பை அணைத்தேன்?

ஐப்பசியில் ஒரு திங்கட்கிழமை, எல்லோரும் இருக்கும்போது, இடது கட்டைவிரலைத் துணியோடு சேர்த்துக் கொடுத்துக் கத்தரியை அழுத்தினான். நுனி போய்விட்டது. வெள்ளைத் துணி அடுக்கு முழுவதும் ரத்தம். "ரங்காத்தா கிட்டச் சொல்லிருங்க" என்று என் பெயரைச் சொன்னான். நான் மூன்று எட்டு தூரத்தில்தான் நின்றிருந்தேன். ஆனாலும் அவன் என்னைப் பார்க்கவில்லை, ஓடி வந்தவர்களைப் பார்த்துத்தான் சொன்னான்.

அன்று சாயங்காலமே ஊர் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. சாதி ஒன்று, குலக்கூட்டம் வேறு, கட்டிக்கொள்ளத் தடையில்லை, கையில் தொழில் இருக்கிறது, இவ்வளவு ஆசை வைத்திருக்கிறான், இன்னும் என்ன வேண்டும் என்றார்கள். அவன் அம்மா செல்லாத்தாள் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

"சரின்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லு கண்ணு. என்ற பையன் பொழச்சுக்குவான்."

முதலாளியும் வந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் அவருக்கும் மாஸ்டர்தான் முக்கியம். "ரெண்டு பேரும் இப்படி இருந்தா கம்பெனி நடக்காதும்மா. கட்டிக்கறதுன்னா கட்டிக்க. இல்லைன்னா வேற எடம் பாத்துக்க" என்றார்.

அதுவரை என் பக்கம் இருந்த அப்பா லிங்கசாமியும் கடைசியில் தலையைக் குனிந்துகொண்டார். "பாத்தா பாவமாத்தான் இருக்குது. நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போயி சரின்னு சொல்லிரலாம் சாமி." அவன் விரலுக்குப் பாவப்பட்ட ஊரில் என் ஆயுசுக்குப் பாவப்பட ஒரு ஆள் இல்லை. அன்று எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

மறுநாள் போனேன். கட்டிலைச் சுற்றி அவன் அம்மா, என் அப்பா, முதலாளி, கம்பெனி ஆட்கள் நாலைந்து பேர். கல்யாணத்துக்கு நாள் குறிக்க வந்தவர்களைப் போல நின்றார்கள். அவன் முகம் வெளிறிக் கிடந்தது. இடது கையில் பெரிய கட்டு. மறைக்க என்ன இருக்கிறது, சரி என்று சொல்லித் தொலைத்துவிடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. வாயையும் திறந்துவிட்டேன். அதற்குள் அவன் முந்திக்கொண்டான்.

"இது பத்தலைன்னா சொல்லுங்க அம்மிணி. இன்னொரு கை இருக்குதுங்க."

வலது கையைப் போர்வைக்கு மேலே எடுத்து என் முன்னால் விரித்து வைத்தான். செல்லாத்தாள் வாயில் சேலையை வைத்துக்கொண்டு அழுதாள். யாரோ, "அடக் கடவுளே, என்ன ஆசைடா இது" என்றார்கள்.

எனக்கு அப்போது எல்லாம் விளங்கியது. குழம்பில் உப்புக் குறைந்தால் ஒரு விரல். நான் நாலு நாள் அம்மா வீட்டுக்குப் போனால் ஒரு கை. அவன் வெட்டிக்கொண்டே இருப்பான், நான் கட்டுப் போட்டுக்கொண்டே கெஞ்ச வேண்டும். ஊர் அவனைப் பார்த்து உருகிக்கொண்டே இருக்கும். இதற்குப் பெயர் ஆசை இல்லை. தன் கழுத்தில் கத்தியை வைத்துக்கொண்டு என்னை மிரட்டுகிறான், அவ்வளவுதான்.

"வெட்டிக்குங்க மாஸ்டரே" என்றேன்.

குரலை உயர்த்தவில்லை. மரியாதையையும் விடவில்லை. அந்த ஒரு வார்த்தையோடு என் வேலை போகும், இனி ஒருவரும் என்னைப் பெண் கேட்டு வர மாட்டார்கள் என்று தெரிந்துதான் சொன்னேன்.

செல்லாத்தாளின் அழுகை நின்றது. அப்பா என் பெயரைச் சொல்லி அதட்டினார். நான் அந்தக் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். விரித்த விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின. பிறகு கை மெல்லப் பின்வாங்கி, போர்வைக்குள் போய்ப் பத்திரமாக ஒளிந்துகொண்டது.

அதை வேறு ஒருவரும் பார்க்கவில்லை. எல்லோரும் என்னைத்தான் முறைத்துக்கொண்டிருந்தார்கள்.