துக்கம் விசாரிக்க ஒருத்தி

அழுவதற்கும் ஒரு வரிசை உண்டு என்பது சின்னவளுக்கு அக்கா வீட்டு இழவில்தான் தெரிந்தது. முதலில் பெற்றவள், அடுத்து பெற்றவன், பிறகு கூடப்பிறந்த இரட்டைப் பையன்கள். சித்திக்கு அந்த வரிசையில் இடமில்லை. அவள் இடம் அடுப்படியில் இருந்தது. வந்தவர்களுக்கெல்லாம் டீ போட்டாள், பக்கத்து வீட்டில் நாற்காலி இரவல் வாங்கிப் போட்டாள், மயங்கி விழுந்த அக்காவின் முகத்தில் தண்ணீர் தெளித்தாள். வந்தவர்கள் அக்காவின் கையைப் பிடித்து அழுதுவிட்டு, போகிற போக்கில் இவள் முதுகைத் தட்டிக்கொடுத்தார்கள். "நீ இருக்கப் போய்தான் உங்கக்கா நிமிந்து உக்காந்திருக்கா. நீயும் உடைஞ்சிடாதே." சொன்னவர்கள் எல்லாரும் நல்ல மனுஷர்கள்தான். சின்னவளும் சொன்ன பேச்சைக் கேட்டு, உடையாமல் டம்ளர் கழுவினாள்.

செத்துப்போனது வாலு. வீட்டில் வைத்த பேர் என்னவாக இருந்தாலும் எல்லாருக்கும் அவள் வாலுதான். அக்காவுக்கு இரட்டைப் பையன்கள் பிறந்து, வீடே தொட்டிலும் துணியுமாகக் கிடந்தபோது, மூன்று வயது வாலுவைச் சின்னவள் இடுப்பில் தூக்கிக்கொண்டு இரண்டு தெரு தள்ளியிருந்த தன் வீட்டுக்கு வந்தாள். ஒரு மாசத்துக்கு என்றுதான் பேச்சு. அந்த ஒரு மாசம் பதினாறு வருஷமாக நீண்டது. வாலு அக்காவை அம்மா என்றாள், இவளைச் சித்தி என்றாள். ஆனால் பல் விழுந்தது, அம்மை போட்டது, பரீட்சையில் கோட்டை விட்டது எல்லாம் இந்த வீட்டில்தான். சின்னவளுக்குக் குழந்தை இல்லை. அதைப் பற்றிக் கேட்பவர்களிடம் அவள் வீட்டுக்காரர், "இருக்கிற ஒண்ணே எங்க ரெண்டு பேரையும் மேய்க்குது" என்பார். அவர் லிஃப்ட் பழுதுபார்க்கிறவர். பேச்சு குறைவு. வாலுவின் பல் துலக்கும் பிரஷ்ஷை இன்னும் அவர் எடுக்கவில்லை, யாரையும் எடுக்கவிடவும் இல்லை.

ஒரு வாரக் காய்ச்சல். ஆஸ்பத்திரியில் கடைசி நாளன்று நர்ஸ் வந்து, அம்மா அப்பா மட்டும் உள்ளே வரலாம் என்றாள். அக்கா எழுந்தாள், அத்தான் எழுந்தார். சின்னவளும் பாதி எழுந்துவிட்டு, பிறகு உட்கார்ந்துகொண்டாள். அவள் மடியில் வாலுவின் செருப்பு ஒரு பையில் இருந்தது. கதவு சாத்திக்கொண்டது. அவ்வளவுதான், அதற்குப் பிறகு அவள் வாலுவை உயிரோடு பார்க்கவில்லை.

இதையெல்லாம் யாரிடம் சொல்வது? அக்காவிடமா? பெற்ற வயிறு பற்றி எரிகிறபோது, எனக்கும் அதில் பங்குண்டு என்று போய் நிற்பதா? பங்கு கேட்க இதென்ன பாகப்பிரிவினையா? வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான் தங்கைக்கு மரியாதை என்று நினைத்தாள். கண்ணிலிருந்து ஒரு சொட்டு வரவில்லை.

பிழைக்க வந்த அந்த வெளிநாட்டு ஊரில் சின்னவள் நகரப் பேருந்து ஓட்டுகிறவள். பெற்றோர், கணவன், பிள்ளை செத்தால் டெப்போவில் விடுப்பு உண்டு. அக்கா மகளுக்குக் கிடையாது. காரியம் முடிந்த மறுநாளே ஸ்டியரிங்கைப் பிடித்தாள். மூன்று மாசம் ஒழுங்காகத்தான் ஓட்டினாள். பிறகு ஒரு காலையில், கல்லூரிக்கு இரண்டு நிறுத்தம் முன்னால், நூலகத்து வாசலில் வண்டியை நிறுத்திக் கதவைத் திறந்தவள் மூடவே இல்லை. வாலு தினமும் ஏறுகிற நிறுத்தம் அது. ஏற வேண்டியவர்கள் ஏறியாயிற்று. சிக்னல் சிவந்து பச்சையாகி மறுபடி சிவந்தது. பின்னால் ஹாரன் அலறியது. ஒரு பெரியவர் வந்து கண்ணாடியைத் தட்டி, "அம்மா, தூங்குறியா?" என்று அந்த ஊர் மொழியில் கேட்டார். சின்னவள் கதவை மூடும் பொத்தான் மேல் விரலை வைத்தபடியே இருந்தாள், அழுத்தவில்லை.

தலைசுற்றல் என்று மேலாளரிடம் சொன்னாள். அவர் தலையைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்தார். ஒரு மனநல ஆலோசகரைப் போய்ப் பார், அவர் சரி என்று சொல்கிறவரை வண்டியைத் தொடக் கூடாது என்றுவிட்டார். வண்டி போனால் அவளுக்கு மிச்சமிருப்பது வீடும் அந்தப் பிரஷ்ஷும்தான்.

டெப்போ ஏற்பாடு செய்த ஆலோசகர் அந்த ஊர்க்காரி, தங்கமான பெண். பொறுமையாகக் கேட்டாள். ஒரு வெள்ளைத் தாளில் வட்டம் வட்டமாகப் போட்டுக் குடும்பத்தை வரைந்தாள். சின்னவள் ஒரு வட்டம், அக்கா ஒரு வட்டம், அக்காவுக்குக் கீழே வாலு. சின்னவளுக்கும் வாலுவுக்கும் நடுவில் கோடு மேலே ஏறி, பக்கவாட்டில் போய், கீழே இறங்கியது. அந்தக் கோட்டைப் பார்த்தபோது, பஸ் மாறிப் போகிற தூரம் மாதிரி இருந்தது சின்னவளுக்கு. அக்காவைத் தேற்றித் தேற்றித்தான் நீங்கள் களைத்துப்போயிருக்கிறீர்கள், அக்காவோடு கொஞ்சம் எல்லை வகுத்துக்கொள்ளுங்கள் என்றாள் அந்தப் பெண். எல்லை போட இதென்ன வயலா வரப்பா? மறுத்துச் சொல்லச் சின்னவளுக்கு வார்த்தை வரவில்லை. வழி சொல்ல, சண்டை போட, மன்னிப்புக் கேட்க அந்த மொழி அவளுக்குத் தாராளமாக வரும். அழ மட்டும் வராது.

"நம்ம பாஷை பேசுற ஆள் யாராவது இருக்காங்களான்னு பாரேன்" என்றார் வீட்டுக்காரர்.

ஒருவர் இருந்தார். போனில் குரலைக் கேட்டதுமே பாதிப் பாரம் இறங்கின மாதிரி இருந்தது. ஆனால் ஐந்து வாக்கியம் தாண்டுவதற்குள், "ஒரு நிமிஷம்மா... நீங்க பஸ் ஓட்டுறவங்கதானே? உங்க அத்தானும் நானும் வாராவாரம் ஒண்ணா ஷட்டில் ஆடுறோம்!" என்று மகிழ்ந்துபோனார். சின்னவள் ராங் நம்பர் என்று சொல்லி வைத்துவிட்டாள். அவளே கூப்பிட்டுவிட்டு ராங் நம்பர் என்றது பிறகுதான் உறைத்தது. அந்த ஊரில் நம் ஆட்கள் மொத்தமே ஒரு கைப்பிடி. இந்த முனையில் தும்மினால் அந்த முனையில் கஷாயம் வைத்துவிடுவார்கள். வேற்று மொழிக்காரியிடம் சொல்ல வரவில்லை, நம் மொழிக்காரரிடம் சொல்ல முடியவில்லை என்றால் மனுஷி எங்கேதான் போவாள்?

கடைசியில், ரயிலில் ஒரு மணி நேரம் தள்ளியிருந்த ஊரில் இன்னொருத்தி அகப்பட்டாள். கண்ணாடிக் கடைக்கு மேலே மாடி, குறுகின படி, செருப்பு விடுவதா வேண்டாமா என்று தெரியாத ஒரு மிதியடி. உள்ளே எதிரெதிராக இரண்டு நாற்காலி, நடுவில் சின்ன மேஜை, அதில் கைதுடைக்கும் தாள் பெட்டி. ஆலோசகருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். கண்ணாடி டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள், அதில் கொஞ்சம் மேஜையில் தளும்பியது.

"உங்க ஆளுங்க யாரையாவது எனக்குத் தெரிஞ்சிருந்தா மொதல்லயே சொல்லிடுவேன். இங்க பேசுறது இந்தக் கதவைத் தாண்டாது" என்றாள். "நான் உங்களை எப்படிக் கூப்பிடட்டும்?"

"எப்படி வேணாலும் கூப்பிடுங்க."

"அப்ப அக்கான்னு கூப்பிடுறேன். என்னன்னு சொல்லுங்கக்கா."

சின்னவள் சொன்னாள், யாருக்கோ நடந்ததைச் சொல்வது மாதிரி. அக்கா பொண்ணு, பத்தொன்பது வயசு, ஒரு வாரக் காய்ச்சல், போயிட்டா. வண்டியில தலைசுத்தல், அதான் அனுப்பினாங்க.

கேட்டுக்கொண்டிருந்த பெண்ணின் முகம் சுருங்கியது. படித்த படிப்பெல்லாம் ஒரு கணம் எட்டி நின்றுகொள்ள, பிறந்த வீட்டுப் பழக்கம் நாக்கில் வந்து உட்கார்ந்தது.

"ஐயோ கடவுளே! பத்தொன்பது வயசா? உங்க அக்கா எப்படி இருக்காங்க? பெத்தவ எப்படித் தாங்குவா!"

"இப்பக் கொஞ்சம் தேறியிருக்கா" என்றாள் சின்னவள். "நான் பக்கத்துலயேதானே இருக்கேன். பாத்துக்குறேன்." சொல்லிக்கொண்டே எழுந்துவிட்டாள். பெட்டியிலிருந்து ஒரு தாளை உருவி, மேஜையில் தளும்பியிருந்த தண்ணீரைத் துடைத்தாள். டம்ளரின் அடியைத் துடைத்தாள். பக்கத்தில் ஏற்கனவே ஆறிக் கிடந்த ஒரு காபிக் கோப்பையையும் கையில் எடுத்துக்கொண்டு, கழுவுகிற இடம் எங்கே என்று சுற்றிலும் பார்த்தாள்.

உள்ளுக்குள் மட்டும் ஏதோ ஒன்று பொசுக்கென்று அணைந்தது. இவளும் அக்காவைத்தான் கேட்கிறாள். ரயிலேறி இவ்வளவு தூரம் வந்தும் அதே இழவு வீடு, அதே அடுப்படி. திரும்பிப் போய்விடலாம், தலைசுற்றல் நின்றுவிட்டது என்று சொல்லிக் கடிதம் வாங்கிக்கொண்டு போய்விடலாம் என்று நினைத்தாள்.

"அக்கா, அந்தக் கோப்பையை வைங்க."

"இருக்கட்டும், சும்மாதானே இருக்கேன்."

"வைங்கக்கா. ஒண்ணு கேக்கட்டுமா? சாவு வீட்டுல நீங்க எங்க உக்காந்திருந்தீங்க?"

இந்தக் கேள்வியைச் சின்னவள் எதிர்பார்க்கவில்லை. அந்த ஊர்க்காரி இதைக் கேட்டிருக்க மாட்டாள். சாவு வீட்டில் யார் எங்கே உட்காருவார்கள் என்று ஒரு கணக்கு இருப்பதே அவளுக்குத் தெரியாது.

"உக்காரவா? எனக்கு எங்க நேரம்? வந்தவங்களுக்கு டீ குடுக்கணும், அக்காவைப் பாக்கணும்..."

"உங்க கையை யார் பிடிச்சாங்க?"

சின்னவள் யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள். ஒருவர் டம்ளர் வாங்கும்போது விரல் பட்டது. ஒருவர் முதுகைத் தட்டினார். வீட்டுக்காரர் மாடிப்படியில் தனியாக உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ யார்கிட்ட வளர்ந்தா?"

"என்கிட்டதான்" என்றாள் சின்னவள். உடனே அவசர அவசரமாக, "ஆனா என் பொண்ணு இல்லீங்க, அக்கா பொண்ணு" என்றாள். நாலு மாசமாகப் பார்க்கிறவர்களிடமெல்லாம் திருத்திச் சொல்லி வந்த பாடம் அது.

"நான் தப்பாக் கேட்டுட்டேன். நம்ம ஆளுங்க எல்லாரும் கேக்குற மாதிரியே கேட்டுட்டேன். மன்னிச்சிடுங்க. திரும்பவும் மொதல்லேர்ந்து கேக்குறேன்" என்றாள் ஆலோசகர்.

எழுந்தாள். எதிரே இருந்த தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து சின்னவளின் நாற்காலியை ஒட்டிப் போட்டாள், துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் தாய்க்காரியின் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்காருவார்களே, அந்த மாதிரி. "கையைப் பிடிச்சுக்கலாமா?" என்று கேட்டு, தலையாட்டலுக்குக் காத்திருந்து, கோப்பையை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, அவளை உட்காரவைத்து, அந்தக் கையைத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டாள்.

"உங்க பொண்ணுக்கு என்னக்கா ஆச்சு?"

கீழே கடையின் கதவு திறந்து மூடுவது கேட்டது. சின்னவளின் உதடு கோணியது. அக்காவின் முகம் ஒரு தடவை கண்ணுக்குள் வந்துபோயிற்று. நான் உன்னிடமிருந்து எதையும் எடுக்கவில்லை அக்கா, என்னுடையதை மட்டும்தான் சொல்லப்போகிறேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். பிறகு எல்லாத் தாய்மார்களும் ஆரம்பிக்கிற இடத்திலிருந்து அவளும் ஆரம்பித்தாள்.

"சாதாரணக் காய்ச்சல்னுதான் நெனச்சோம். திங்கக்கிழமை காலையில, சித்தி எனக்கு உடம்பு சுடுதுன்னு வந்து என் போர்வைக்குள்ள படுத்தா. அவ்வளவு வளர்ந்த பொண்ணு, கால் வெளிய நீட்டிக்கிட்டு இருக்கு..."

அழுகை வந்தது. நாலு மாசம் அடைபட்டுக் கிடந்த அழுகைக்கு அழகு பார்க்கத் தெரியாது. மூக்கும் கண்ணுமாக வழிந்தது, குரல் உடைந்து நாய் ஊளையிடுவது மாதிரி வெளியே வந்தது. சின்னவளுக்கு வெட்கமாக இருந்தது, ஆனால் நிறுத்த முடியவில்லை. அந்தப் பெண் அழாதே என்று சொல்லவில்லை, நீதான் தைரியமாக இருக்கணும் என்றும் சொல்லவில்லை. "அப்புறம்?" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள். கஞ்சி வேண்டாமென்று தட்டிவிட்டதைச் சொன்னாள், ஆஸ்பத்திரிக்குப் போகும்போதுகூட டாக்ஸிக்காரரைக் கேலி செய்ததைச் சொன்னாள். சாத்தின கதவைச் சொன்னாள். மடியில் இருந்த செருப்பைச் சொன்னாள்.

"வண்டியில வந்தது தலைசுத்தல் இல்லீங்க" என்றாள் சின்னவள்.

"தெரியும்க்கா. சொல்லுங்க."

"அந்த ஸ்டாப்புல அவ ஒரு நாளும் நேரத்துக்கு வந்ததில்ல. எல்லாரும் ஏறின பெறகு, தலை பின்னுனதும் பின்னாததுமா, சித்தி சித்தின்னு கத்திக்கிட்டு ஓடி வருவா. பாசஞ்சருங்க திட்டுவாங்க. நான் காதுலயே வாங்கிக்க மாட்டேன்."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"என் பொண்ணு எப்பவும் லேட்டாத்தான் வருவா. அதான் நான் கதவை மூடல."