நாலாவது தடி

அழகம்மா ஞாயிற்றுக்கிழமை குளத்தில் இறங்கி ஞானஸ்நானம் எடுக்கப்போகிறாள் என்ற கதை வியாழக்கிழமையே பூவரசங்குளம் முழுக்கப் பரவிவிட்டது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? "புள்ளையத் தண்ணிக்குக் குடுத்தவ, இப்பத் தானே தண்ணிக்குள்ள முங்கப் போறாளாம்" என்று தேத்தண்ணிக் கடைப் பேச்சியம்மா சொன்னாளாம். நரம்பில்லாத நாக்கு, எப்படியும் வளையும். ஆனால் சும்மா சொல்லக்கூடாது, அந்த எண்ணம் அழகம்மாவுக்கும் வராமலில்லை. பெயர் கொடுத்த நாளிலிருந்து முகம் கழுவத் தண்ணீர் அள்ளினாலே அவளுக்குப் பயம் பிடித்தது.

அந்தப் பயத்துக்குத் தண்ணீர் மட்டும் காரணமில்லை. ஒரு தடியும் காரணம்.

ஒன்றரை வருடத்துக்கு முன், ஆனி மாத வெயிலில், அவளுடைய புருஷன் சங்கிலி பின்வளவில் தோட்டத்துக்கென்று தனியாளாகக் கிணறு வெட்டினான். மலையகத்திலிருந்து வெறுங்கையோடு வந்து காடு வெட்டிக் குடியேறிய ஆட்களின் மகன் அவன். மண்வெட்டியைப் பிடித்தால் இலேசில் கீழே வைக்கமாட்டான். தண்ணீர் கண்டதும், சுவர் கட்டும்வரைக்கும் இருக்கட்டும் என்று கிணற்று வாய்க்குக் குறுக்கே நாலு காட்டுத்தடிகளைப் போட்டு, மேலே தென்னோலைக் கிடுகு பரப்பி மூடினான். மூடியதோடு விட்டானா? தானே அதன்மேல் ஏறி நின்று இரண்டு தரம் குதித்தும் பார்த்தான். "யானை நிண்டாலும் தாங்கும்" என்று அவன் சொல்ல, வேலியோரம் நின்ற சுரேகா கைதட்டிச் சிரித்தாள். அவளுக்கு அப்போது ஆறு வயது. கல்யாணமாகி ஒன்பது வருடம் கோயில் கோயிலாக நடந்து பெற்ற ஒற்றைப் பிள்ளை.

நாலாம் நாள் அழகம்மா படுக்கை விரிப்பெல்லாம் தோய்த்துக் கொடியில் போட்டாள். ஈரப் பாரத்தில் கொடி தொய்ந்து, பிள்ளையின் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை மண்ணைத் தொட்டது. கொடிக்கு முண்டு கொடுக்க ஒரு தடி வேண்டும். கையெட்டும் தூரத்தில் இருந்தது கிணற்றுத் தடிதான். கிடுகைத் தூக்கி, நடுவில் கிடந்த ஒன்றை உருவி எடுத்தாள். காயும்வரைக்கும்தானே, பிள்ளை வருவதற்குள் திருப்பி வைத்துவிடலாம் என்று நினைத்தாள். பிறகு குசினி அடுப்பில் சோறு, ஆட்டுக்குக் குழை என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்து, தடி நினைவிலிருந்தே போய்விட்டது. பாழாய்ப்போன மறதி! பள்ளிக்கூடத்தால் வந்த பிள்ளை ஆட்டுக்குட்டியைத் துரத்திக்கொண்டு பின்வளவுக்கு ஓடியது. குட்டி கிடுகின்மேல் ஏறித் தாண்டிப் போய்விட்டது. சத்தம் கேட்டு அழகம்மா குசினியால் ஓடிவந்தபோது கிடுகின் நடுவில் ஓர் ஓட்டைதான் இருந்தது.

வயலில் நின்ற சங்கிலி ஓடிவந்து கயிற்றில் இறங்கிப் பிள்ளையைத் தூக்கினான். ஆட்டோவில் போட்டுக்கொண்டு வவுனியாவுக்குப் பறந்தார்கள். பிரயோசனமில்லை.

அடுத்த நாள் உயிரில்லாத பிள்ளையோடு திரும்பி வந்தபோது கொடி அறுந்த மாதிரித் தரையில் கிடந்தது, தோய்த்த உடுப்பெல்லாம் புழுதியில். முண்டு கொடுத்த தடியைக் காணவில்லை. பிள்ளையைத் தூக்கவென்று யாரோ எடுத்திருப்பார்கள் என்று அழகம்மா நினைத்துக்கொண்டாள். விசாரிக்க வந்தவர்கள் எட்டிப் பார்த்தபோது நாலு தடியும் கிணற்றுக்குள்தான் மிதந்தன. தடி வழுக்கியிருக்கும், கிடுகு உக்கியிருக்கும் என்றார்கள். பழி நேராகச் சங்கிலியின் தலையில் விழுந்தது. சுவரில்லாத கிணற்றை ஓலையால் மூடிய தகப்பன்! செத்த வீட்டுக்கு வந்தவர்கள் அவன் காதுபடவே ஏசினார்கள். நான் ஏறிக் குதித்துப் பார்த்தேன் என்று அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "ஓம், என்ர பிழைதான்" என்று மட்டும் சொன்னான்.

அழகம்மா பாயில் கிடந்து அத்தனையையும் கேட்டாள். முதல் நாள் துக்கத்தில் வாய் வரவில்லை. ஒரு கிழமை போனபின் பயத்தில் வரவில்லை. மாதம் போக வெட்கத்தில் வரவில்லை. அவன் நெஞ்சளவு உயரத்தில் கிணற்றுச் சுவர் கட்டினான். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று ஊர் நக்கலடித்தது. சீமெந்து குழைத்துக் கொடுத்ததே அழகம்மாதான். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

சின்னப் பிள்ளை என்பதால் புதைத்தார்கள். பெரியவர்களுக்குச் செய்வதுபோல எட்டாம் நாள், முப்பத்தோராம் நாள் சடங்கு, திவசம் ஒன்றும் கிடையாது என்றுவிட்டார்கள். "பேரைச் சொல்லிச் சொல்லி அழாத. மறக்கப் பார்" என்று இனசனம் புத்தி சொன்னது. நல்ல மனத்தோடுதான் சொன்னார்கள், குறை சொல்ல ஏலாது. ஆனால் மூன்று மாதத்தில் சுரேகா என்ற பெயரே அந்த வளவில் இல்லாமல் போனது. சங்கிலியும் சொல்வதில்லை. ஒரு வீட்டில் இரண்டு பேர், இரண்டு பேரும் பிள்ளையின் பெயரைச் சுற்றிச் சுற்றி நடந்தார்கள்.

அப்போதுதான் தர்மிளா வந்தாள். சந்திக்கு அங்கால் தகரக் கூரைபோட்ட சபையை நடத்தும் பாஸ்டர் கிருபனின் மனைவி. மதம் மாற்ற வருகிறாள் என்று அழகம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு கிடந்தாள். தர்மிளா ஒன்றும் கதைக்கவில்லை. குசினிக்குள் போய், இரண்டு நாளாகக் கழுவாமல் கிடந்த சட்டிபானையைத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டுப் போனாள். மூன்று கிழமை அப்படியே. நாலாம் கிழமை பாய்க்கருகில் வந்து இருந்தாள்.

"பிள்ளையின்ர பேர் என்ன அக்கா?"

"சுரேகா."

தர்மிளா கண்ணை மூடினாள். "அப்பா, சுரேகாவை உம்முடைய மடியில வைச்சிரும். சுரேகாவின்ர அம்மாவையும் பிடிச்சுக்கொள்ளும்" என்றாள். அவ்வளவுதான் ஜெபம். இன்னொரு வாயால் அந்தப் பெயரைக் கேட்டு எவ்வளவு நாள்! அழகம்மா குளக்கட்டு உடைந்த மாதிரி அழுதாள். அன்று பின்னேரம் எழும்பி, தானே உலை வைத்தாள்.

அதன்பிறகு ஒரு ஞாயிறும் அவள் தவறவிடவில்லை. அங்கே யாரும் அவளை மறக்கச் சொல்லவில்லை. கிழமைக்கொருதரம் சுரேகாவின் பெயரைச் சொல்லி ஜெபித்தார்கள். பிள்ளை இருட்டுக் கிணற்றில் இல்லை, ஆண்டவரின் மடியில் இருக்கிறது என்று நினைத்தபோது அழகம்மாவுக்கு நித்திரை வந்தது, சோறு இறங்கியது. தடியின் கதையையும் முழங்காலில் நின்று ஆண்டவரிடம் சொன்னாள். நெஞ்சில் கிடந்த கல் மெல்ல இறங்கியது. பொய்யில்லை, உண்மையாகவே இறங்கியது. சபையில் கொடுக்கும் மாவுக்கும் சீனிக்கும் போகிறாள் என்று ஊர் சொன்னது, சொல்லிவிட்டுப் போகட்டும்.

சங்கிலி மறிக்கவில்லை. அம்மன் கோயில் திருநீறு நெற்றியில் இருக்க, தன் மோட்டார்சைக்கிளில் அவளை ஏற்றிவந்து சபை வாசல் படலையில் இறக்குவான். உள்ளே வரமாட்டான். முடியும்வரைக்கும் எதிரே பேச்சியம்மாவின் கடை மரவாங்கில் குந்தியிருப்பான். பேச்சியம்மா குத்திக் குத்திக் கதைப்பாள், அவன் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு கேட்பான். உள்ளே அழகம்மா சாட்சி சொல்லும்போதெல்லாம், "என்ர பிள்ளையை ஆண்டவர் எடுத்துக்கொண்டார், என்னைத் தேற்றினார்" என்பாள். சபை முழுக்க "ஆமென்" என்னும். தடியைப் பற்றி மட்டும் அவள் சாட்சியில் வராது.

வெள்ளிக்கிழமை ஞானஸ்நான வகுப்பின் முடிவில் பாஸ்டர் கிருபன் சாதாரணமாக ஒரு வார்த்தை சொன்னார். "தண்ணிக்குள்ள இறங்க முதல், ஆரிட்டயாவது மன்னிப்புக் கேக்கிறதுக்கு மிச்சமிருந்தா கேட்டுப்போட்டு வாங்கோ. அந்த ஆளைத் தாண்டிக்கொண்டு ஆண்டவரிட்ட வர ஏலாது." எல்லோருக்கும்தான் சொன்னார். அழகம்மாவுக்கு மட்டும் காலில் முள் ஏறியதுபோல இருந்தது.

சனிக்கிழமை பின்னேரம், ஆடுகளைப் பட்டியில் அடைத்தபின், சங்கிலி கிணற்றுச் சுவரோரம் குந்தியிருந்து கத்தி தீட்டிக்கொண்டிருந்தான். அழகம்மா போய் எதிரில் நின்றாள்.

"இஞ்சேருங்கோ. ஒரு கதை சொல்லோணும்."

"சொல்லு."

"அண்டைக்கு... அந்தக் கிணத்துத் தடி..."

கத்தி நின்றது. "நாலாவது தடி" என்றான் சங்கிலி. "கொடிக்கு முண்டு குடுத்திருந்தாய். எனக்குத் தெரியும்."

அழகம்மா கொடிப்பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"நீ பிள்ளையோட ஆட்டோவில போனாய். நான் பிந்தி, பக்கத்து வீட்டு நல்லதம்பியண்ணையின்ர மோட்டார்சைக்கிளில வந்தனானெல்லே? ஏன் பிந்தினனான் எண்டு நீ கேக்கேல்ல. அந்தத் தடியைப் பிடுங்கி, மற்ற மூண்டையும் சேர்த்துக் கிணத்துக்குள்ள போட்டுட்டுத்தான் வந்தனான்."

"ஐயோ! ஏன்?"

"பிள்ளை போயிட்டுதெண்டு தூக்கேக்கயே தெரிஞ்சுட்டுது. ஊர் ஒராளைத் தின்னத்தான் போகுது. என்னைத் தின்னட்டும் எண்டு விட்டன். உன்னைத் தின்ன விட்டா நீயும் மிஞ்சமாட்டாய்."

அழகம்மா அப்படியே மண்ணில் இருந்துவிட்டாள். "என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்று அவன் காலைத் தொடப் போனாள். அவன் காலை இழுத்துக்கொண்டான்.

"பொறு. இதை உன்ர ஆண்டவருக்குச் சொன்னனியே?"

"ஓம்."

"எத்தின தரம்?"

"ஒவ்வொரு நாளும்."

"ஒவ்வொரு நாளும்" என்று அவன் மெல்லத் திருப்பிச் சொன்னான். "அந்தக் கடை வாங்கில ஞாயிற்றுக்கிழமையெல்லாம் ஏன் இருந்தனான் தெரியுமே? இண்டைக்காவது வந்து சொல்லுவாள், மோட்டார்சைக்கிளில ஏறி இருக்கேக்கயாவது முதுகுக்குப் பின்னால இருந்து சொல்லுவாள் எண்டுதான். ஊர் ஏசினது எனக்கு உறைக்கேல்ல, அழகு. அதைக் கேட்டுக்கொண்டு நீ சும்மா இருந்தாய் பார்..." கத்தியை எடுத்துக்கொண்டு வயல்பக்கம் நடந்தான். அவள் கூப்பிட்டும் திரும்பவில்லை.

அழகம்மா சுவரில் முதுகைச் சாய்த்து இருந்தாள். எவ்வளவு சுகமாக ஆறிவிட்டேன், பாவி! சபையில் கிடைத்த ஆறுதல் பொய்யில்லை, அது அவளுக்குத் தெரியும். ஆனால் அவள் ஆறிய அத்தனை நாளும் அந்த மனுஷன் அவளுடைய சுமையையும் சேர்த்துச் சுமந்து, எதிர்க்கடையில் காத்திருந்திருக்கிறான். ஆண்டவரிடம் போக அவளுக்கு ஒரு மைல் வழி இருந்தது. இவனிடம் போக ஒரு பாயின் அகலம்தான். அதை அவள் நடக்கவில்லை.

ஞாயிறு காலை எழும்பியபோது அவனையும் காணவில்லை, மோட்டார்சைக்கிளையும் காணவில்லை. வெள்ளைச் சேலையைக் கட்டிக்கொண்டு நடந்தே போனாள். தை மாதக் குளம் தண்ணீர் வழிந்து வான்பாயும் அளவுக்கு நிரம்பியிருந்தது. குளக்கட்டில் சபையார் ஒரு பக்கம், புதினம் பார்க்க வந்த ஊர் மறுபக்கம்; முன்னுக்குப் பேச்சியம்மா. பாஸ்டர் இடுப்பளவு தண்ணீரில் நின்றார்.

"சாட்சி சொல்லுங்கோ, அக்கா."

அழகம்மா கட்டு நீளத்துக்கும் பார்த்தாள். சங்கிலி இல்லை. அவன் கேட்காவிட்டாலும் சொல்லத்தான் வேண்டும்.

"இவ்வளவு நாளும் அரைவாசிதான் சொன்னனான்" என்றாள். "என்ர மனுசன் போட்ட தடி யானையையும் தாங்கும். அதில ஒண்டை உருவினது நான். உடுப்புக் காயப்போட உருவினனான், திருப்பி வைக்க மறந்திட்டன். அவர் பிழை செய்யேல்ல. நீங்கள் எல்லாரும் அவரை ஏசேக்க நான் வாயை மூடிக்கொண்டு கிடந்தனான். ஏசிறதெண்டா இனி என்னை ஏசுங்கோ."

யாரும் ஆமென் சொல்லவில்லை. பேச்சியம்மா வாயில் வைத்த கையை எடுக்கவில்லை. தர்மிளா மட்டும் வந்து அவள் கையைப் பிடித்து, தண்ணீர் விளிம்புவரை கூட்டிக்கொண்டு போனாள்.

தண்ணீர் காலை, இடுப்பை, நெஞ்சைத் தொட்டது. பாஸ்டரின் கை முதுகைத் தாங்க, மற்றக் கை தலையை அமிழ்த்தியது. காது அடைத்தது. இப்படித்தானே இருந்திருக்கும் என் பிள்ளைக்கு என்று அவள் நினைத்த அந்தக் கணமே இரண்டு கைகள் அவளை மேலே தூக்கிவிட்டன. மூச்சு வந்ததும் முதலில் வந்தது அழுகைதான். "உன்னை இப்பிடித் தூக்காமல் போனனே, என்ர செல்லம்!" என்று குளம் முழுக்கக் கேட்கக் கத்தினாள். பாஸ்டர் அவளை அடக்கவில்லை. அழுது முடியும்வரைக்கும் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கரையேறும்போது மருதமரத்துக்குப் பின்னாலிருந்து சங்கிலி வந்தான். செருப்போடு முழங்கால் தண்ணீரில் இறங்கி, துவாயை நீட்டினான்.

"தலையைத் துடை. காத்தடிக்குது."

"எப்ப வந்தனீங்கள்?"

"நீ வர முதலே வந்திட்டன்."

சபையார் பாடத் தொடங்கினார்கள். அவர்கள் இரண்டு பேரும் தள்ளிப்போய்க் குளக்கட்டில் இருந்தார்கள். சங்கிலி செருப்பைக் கழற்றித் தண்ணீரை உதறினான்.

"ஆண்டவருக்குச் சொல்லிப்போட்டாய். ஊருக்கும் சொல்லிப்போட்டாய். இனி எனக்குச் சொல்லு."

"உங்களுக்குத்தான் தெரியுமே."

"தடியைப் பற்றி ஆர் கேட்டது? நான் அண்டைக்கு விடிய முதலே வயலுக்குப் போயிட்டன். பிள்ளை எழும்பினதைக் காணேல்ல. என்ன சாப்பிட்டவள், பள்ளிக்கூடம் போகேக்க என்ன சொன்னவள், ஒண்டும் தெரியாது எனக்கு. உன்னட்டக் கேக்கவும் பயமாய்க் கிடந்தது." அவன் அவள் பக்கம் திரும்பினான். "காலமையில இருந்து சொல்லு."

அழகம்மா துவாயை மடியில் வைத்தாள். ஒரு வருடத்துக்கு மேலாக அவன் முன்னால் அந்தப் பெயரை அவள் சொன்னதில்லை.

"சுரேகா அண்டைக்கு ரொட்டி வேண்டாமெண்டு அடம்பிடிச்சவள்" என்று தொடங்கினாள்.