சோள லீவு

சோடியம் விளக்கைப் போட்டவுடன் அது மஞ்சளாக எரிந்துவிடாது. முதலில் வெளிறிய சிவப்பு. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மஞ்சள் ஏறும். அந்தத் திங்கட்கிழமை காலை, இயற்பியல் ஆய்வகத்தின் இருட்டறையில் விளக்கைப் போட்டுவிட்டு மாரிச்செல்வம் ஜிலேபிப் பெட்டியோடு வெளியே வந்தான்.

சங்கரன்கோவிலுக்கு வெளியே இருக்கும் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் அவன் ஆய்வக உதவியாளர். போன வாரம் அவனுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. முதல் குழந்தை. மனைவி மாலாவும் குழந்தையும் வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து மாலாவின் அம்மா வீட்டுக்கு, கரிவலம்வந்தநல்லூருக்குப் போய்விட்டார்கள்.

“பொம்பளப் பிள்ளையாலே? நல்லாருக்கட்டும்” என்று ஸ்டோர் கீப்பர் இசக்கித்துரை இரண்டு ஜிலேபிகளை எடுத்துக்கொண்டார். அந்தத் துறையில் மூத்தவர் அவர்தான். “லீவு கீவு போட்டுட்டியா?”

“இல்ல அண்ணாச்சி.”

“போட்டுறாத. பிள்ளை பொறந்து ஆறு மாசத்துக்குள்ள எப்ப வேணாலும் எடுக்கலாம்லா? இப்ப எடுத்து என்ன செய்யப் போற? மாமியா வீட்டு வாசல்ல உக்காந்து கொசு அடிக்கப் போறியா? தை மாசம் சோளம் அறுக்கும்போது எடு. சம்பளமும் வரும், சோளமும் வீடு வந்து சேரும்.”

பல்கலைக்கழகம் தன் ஊழியர்களுக்குத் தரும் விடுப்புகளில், குழந்தை பிறந்த தகப்பனுக்குத் தரும் இரண்டு வார விடுப்பும் ஒன்று. சுற்றியுள்ள கரிசல் காட்டில் மக்காச்சோளம் போட்டிருக்கும் ஆண்கள் அதற்கு வைத்திருந்த பெயர் சோள லீவு. காடு இல்லாதவர்களும் அதை வீணாக்கவில்லை. ஒருவர் குளியலறை கட்டினார். ஒருவர் சாரல் விழும்வரை காத்திருந்து கூட்டாளிகளோடு குற்றாலத்தில் குளித்தார். பிரசவத்துக்குப் பெண்கள் தாய்வீட்டுக்குப் போய்விடுவதால் ஆண்களுக்கு அங்கே வேலை இல்லை என்பது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அதை யாரும் யோசித்துப் பார்த்ததில்லை.

மாரிச்செல்வத்துக்கும் மேலநீலிதநல்லூர்ப் பக்கம் கொஞ்சம் காடு இருந்தது. சனி, ஞாயிறு முழுவதும் அங்கே சோளப்பயிரில் புழுவுக்கு மருந்து அடித்துக்கொண்டிருந்தான்.

ஜிலேபி என்று கேள்விப்பட்டு ஹஸ்னா பானு வந்தாள். அவள் பணியாளர் பிரிவில் விடுப்பு பார்ப்பவள். வேலைக்குச் சேர்ந்து அதிக நாளாகவில்லை. அதிகம் பேசமாட்டாள். ஆனால் எதைப் பார்த்தாலும் அவளுக்கு ஒரு கேள்வி வந்துவிடும்.

“மாஷா அல்லாஹ். லீவு எப்ப எடுக்கீங்கண்ணே?”

“தை மாசம்.”

“நீங்களுமா?” அவள் யோசித்தாள். கிண்டல் செய்யவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். “மனைவிக்கு உதவியா இருக்கணும்னு சொல்லித்தான் எல்லாரும் கேக்காங்க. அதான் புரியல. இந்த ஊர்ல பொண்டாட்டிங்களுக்கெல்லாம் தை மாசம் மட்டும்தான் உதவி வேணுமோ?”

இசக்கித்துரைக்கு ஜிலேபி புரை ஏறியது. “ஏ தாயி, நீ லீவு செக்ஷனா, போலீஸ் செக்ஷனா?”

எல்லாரும் சிரித்தார்கள். ஹஸ்னா பானுவும் வெட்கத்தோடு சிரித்தாள். பேச்சை மாற்றுவதற்காக, பிள்ளை பிறந்த வீட்டில் யாரும் கேட்கும் கேள்வி ஒன்றைக் கேட்டாள்.

“பிள்ளை யாரு நிறம்? உங்க நிறமா, மாலா அக்கா நிறமா?”

மாரிச்செல்வம் ஜிலேபிப் பெட்டியை மூடித் திறந்தான்.

“நல்ல நிறம்தான்... தங்கமா இருக்குன்னு அத்தை சொன்னாவ.”

“அத்தை சொன்னது கிடக்கட்டும். நீங்க பாக்கலையாண்ணே?”

அதற்குள் மாணவர்கள் வந்துவிட்டார்கள்.

இருட்டறையில் சோடியம் விளக்கு இப்போது முழு மஞ்சளாக எரிந்தது. முதலாண்டு மாணவர்களுக்கு அவன் வழக்கமாகக் காட்டும் ஒரு வேடிக்கை உண்டு. சிவப்பு நோட்டு ஒன்றையும் பச்சை நோட்டு ஒன்றையும் அந்த வெளிச்சத்தில் நீட்டுவான். எது சிவப்பு, எது பச்சை என்று யாராலும் சொல்ல முடியாது. அன்றும் நீட்டினான். பிள்ளைகள் திகைத்தார்கள்.

“வெளிச்சத்துல இருக்கிற நிறம்தான் நம்ம கண்ணுக்கு வரும்” என்று சொல்லிக்கொண்டே வந்தவன் பாதியில் நிறுத்தினான்.

மகளை அவன் எந்த வெளிச்சத்தில் பார்த்தான்?

ஆஸ்பத்திரியில் துணிச் சுருளுக்குள் ஒரு மூக்கு தெரிந்தது. பிரசவ வார்டுக்குள் ஆண்களை அதிக நேரம் விடவில்லை. வெள்ளிக்கிழமை மாலை கரிவலத்தில், சன்னலைச் சேலையால் மூடிய அறை. மூலையில் ஒரு மஞ்சள் ஜீரோ வாட்ஸ் பல்பு. பச்சைப் பிள்ளை கண்ணில் வெளிச்சம் படக்கூடாது என்றார்கள். அந்தப் பல்பின் அடியில் மாலா, மாமியார், சுவர், தொட்டில் சேலை எல்லாமே தங்க நிறமாகத்தான் இருந்தன.

நோட்டுகளை வைத்துவிட்டு மாலாவுக்குப் போன் செய்தான்.

“நல்லாருக்கோம்” என்றாள் மாலா. “நீங்க வேலையப் பாருங்க.”

“பிள்ளை என்ன நிறம்?”

“இது என்ன கேள்வி? வரும்போது பாத்துக்கிடுங்க” என்றாள். குரல் மிகவும் களைத்திருந்தது.

மதியம் அனுமதி கேட்டுக்கொண்டு அவன் பைக்கை எடுத்தபோது இசக்கித்துரை எட்டிப் பார்த்தார். “எங்கலே போற?”

“பிள்ளை என்ன நிறம்னு பாக்கப் போறேன் அண்ணாச்சி.”

“கிறுக்கு பிடிச்சிட்டு இவனுக்கு” என்று அவர் உள்ளே போனார்.

கார்த்திகை மாத வானம் மூடியே கிடந்தது. கரிவலத்தில் மாமியார் பேச்சித்தாய் வாசலில் வேப்பிலை செருகிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளையைப் பார்த்ததும் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

“வாங்க மாப்பிள. என்ன இந்நேரத்துக்கு? வேலை இல்லையா?”

“பிள்ளையப் பாக்கணும் அத்தை.”

“அவ தூங்குதா. சமத்துப் பிள்ளை. தூங்குனா எந்திக்கவே மாட்டா. அழுகைன்னா என்னன்னே தெரியாது. தெருவே வந்து பாத்துட்டுப் போவுது, பொன்னு கணக்கா இருக்குன்னு. எங்க அம்மா நிறம் அப்படியே.”

அறைக்குள் சாம்பிராணிப் புகை. மாலா சுவரோடு சாய்ந்திருந்தாள். அவன் சன்னலருகே போய்ச் சேலையைப் பிடித்து இழுத்தான். கொக்கி கழன்று மழைக்கால வெளிச்சம் உள்ளே வந்தது. பேச்சித்தாய் பதறினாள்.

“ஐயோ, பிள்ளைக்கு ஆகாது மாப்பிள!”

“ஒரு நிமிசம் அத்தை. நிறம் பாத்துட்டு மூடிருதேன்.”

குழந்தையை எடுத்துச் சன்னலுக்குக் கொண்டுபோனான். எடுக்கத் தெரியவில்லை, தலை சாய்ந்தது. மாலா கையை நீட்டித் தாங்கிக் காட்டினாள்.

முகம் மஞ்சளாக இருந்தது. நெஞ்சும் மஞ்சள். வயிறும்.

“பாத்தியளா?” என்றாள் பேச்சித்தாய் பெருமையாக. “நான் சொல்லலை?”

“மஞ்சள் தேச்சுக் குளிப்பாட்டுனீங்களா அத்தை?”

“லேசா தேச்சோம்.”

ஈரத்துணியால் குழந்தையின் நெற்றியைத் துடைத்தான். துணி வெள்ளையாகவே இருந்தது. விரலால் மெல்ல அழுத்தி எடுத்தான். ரத்தச் சிவப்பு விலகிய இடத்திலும் மஞ்சள் நின்றது. அவனுக்கு வைத்தியம் தெரியாது. ஆனால் ஒரு நிறத்தைப் பார்த்தால் அது மேலே பூசியதா, உள்ளேயே இருப்பதா என்று கேட்டுப் பழகியவன். குழந்தை கண்ணைத் திறக்கட்டும் என்று காத்திருந்தான். பாதி திறந்தது. வெள்ளையாக இருக்க வேண்டிய இடம் எலுமிச்சை நிறத்தில் இருந்தது.

“மாலா, பால் குடிக்காளா?”

மாலா அம்மாவைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

“நேத்துலருந்து சரியாக் குடிக்கலை. எழுப்பினாலும் தூங்கிருதா. மஞ்சளாத் தெரிஞ்சா உடனே கொண்டு வாங்கன்னு ஆஸ்பத்திரியில நர்ஸம்மா சொல்லித்தான் விட்டாவ. இந்தப் பல்புல எனக்கு ஒண்ணும் தெரியலை. எல்லாரும் பொன்னு நிறம்னு சொல்லுதாவ. எனக்குத்தான் கோட்டி பிடிச்சிட்டோன்னு இருந்தேன்.”

“காலையில போன்ல கேட்டேன்லா? ஏன் சொல்லலை?”

“சொன்னா வந்திருவியளே.”

“வந்தா என்ன?”

“சோளத்துக்குன்னு லீவைச் சேத்து வச்சிருக்கிய. அதுல கை வைக்கச் சொல்லுதியளா?”

கோபமாகச் சொல்லவில்லை. வீட்டுச் செலவில் எதையோ குறைத்துக்கொண்டதைச் சொல்வதுபோலச் சொன்னாள். மாரிச்செல்வம் குழந்தையைப் பிடித்தபடி நின்றான். சன்னலுக்கு வெளியே தூறல் போட்டது.

“ஆட்டோ கூப்பிடுங்க அத்தை” என்றான்.

“தீட்டு கழியாம வெளிய...”

“அத்தை. ஆட்டோ.”

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். இளம் பெண் மருத்துவர். முடிவைப் பார்த்ததும் வேகமாக நடந்தார். குழந்தையின் உடைகளைக் கழற்றி, கண்ணைக் கட்டி, ஒரு பெட்டிக்குள் கிடத்தி விளக்கைப் போட்டார். நீல வெளிச்சம்.

“பொறந்த பிள்ளைங்க நிறையப் பேருக்கு மஞ்சள் வரும். லேசா வந்து தானா போயிரும்” என்றார். “இது கூடிக்கிட்டே போயிருக்கு. இன்னும் விட்டிருந்தா மூளையப் பாதிச்சிருக்கும். யாரு முதல்ல கவனிச்சது?”

மாலா கணவனைக் காட்டினாள். அவன் தலையை ஆட்டினான். “இல்ல டாக்டர். இவதான். இவ சொன்னதைக் கேக்கத்தான் பக்கத்துல ஆள் இல்ல.”

பேச்சித்தாய் நடைபாதையில் அழுதுகொண்டிருந்தாள். யாரும் அவளைத் திட்டவில்லை. பேத்தி அழகாக இருக்கிறாள் என்று நம்பியது ஒன்றுதான் அவள் செய்த தவறு.

கொஞ்ச நேரம் கழித்து மாரிச்செல்வத்தால் ஒரு கேள்வியை அடக்க முடியவில்லை.

“டாக்டர், ஏன் நீலம்? மஞ்சள் விளக்குன்னா சரியாகாதா?”

மருத்துவர் நின்றார். இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை போலிருந்தது. “தோலுக்கு அடியில இருக்கிற மஞ்சள் பொருள் நீல வெளிச்சத்தைத்தான் நல்லா உறிஞ்சும். உறிஞ்சினதும் அதோட உருவம் மாறும். அப்புறம் அது உடம்பை விட்டு வெளிய போயிரும்.”

“மஞ்சளைப் போக்க நீலம்” என்று அவன் சொல்லிப் பார்த்துக்கொண்டான்.

மாலா பெட்டியருகே நாற்காலியில் இருந்தாள். “இப்ப என்ன நிறம் உங்க பிள்ளை?” என்று கேட்டாள்.

“நீலம்.”

அந்த வாரத்தில் முதல் முறையாக அவள் சிரித்தாள். சிரித்த கொஞ்ச நேரத்தில் நாற்காலியிலேயே தூங்கிப்போனாள். பெட்டியருகே விழித்திருக்க இப்போது அவன் இருந்தான்.

ஹஸ்னா பானுவுக்குப் போன் செய்தான். “தை மாச லீவை இன்னைலருந்து போட்டுருங்க.”

“பிள்ளைக்கு என்னண்ணே?”

சொன்னான். “நான் நிறத்தைச் சும்மாதான் கேட்டேன்ணே” என்றாள் அவள்.

“யாராவது கேக்கணும்லா” என்றான் அவன்.

அந்த இரண்டு வாரத்தில் அவன் பலவற்றைத் தெரிந்துகொண்டான். பசிக்கு அழுவது ஒரு மாதிரி, நனைந்தால் அழுவது வேறு மாதிரி. தோளில் போட்டுத் தட்டினால் ஏப்பம் உடனே வராது. காத்திருக்க வேண்டும், சோடியம் விளக்குக்குக் காத்திருப்பதுபோல. கரிவலம் வீட்டுச் சன்னலில் சேலை திரும்ப ஏறவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் மாப்பிள்ளை பிள்ளைத்துணி அலசுவதை வேடிக்கை பார்த்தார்கள். பேச்சித்தாய் முதலில் கூசினாள். பிறகு சோப்பை எடுத்துக் கொடுத்தாள்.

விடுப்பு முடிந்து வேலைக்கு வந்த அன்று இசக்கித்துரை கைப்பேசியில் படத்தை வாங்கிப் பார்த்தார்.

“என்னலே, தங்கம் தங்கம்னாங்க? உன்னை மாதிரியே கருத்துப் போயிருக்கா?”

“ஆமா அண்ணாச்சி. அதான் அவ நிறம். என் நிறம்.”

“அது சரி. லீவெல்லாம் தீத்துட்டு வந்து நிக்க. தை மாசம் என்ன செய்வ?”

“ஞாயித்துக்கிழமை அறுப்பேன். முடியலைன்னா ஆள் விட்டு அறுப்பேன். கொஞ்சம் கையக் கடிக்கும்.” ஆய்வகச் சாவியை எடுத்தவன் திரும்பினான். “அண்ணாச்சி, சோளத்தை நான் இல்லாட்டியும் யாராவது அறுப்பாவ. பொண்டாட்டி சொல்லுறதைக் காது கொடுத்துக் கேக்குறதுக்கு வேற ஆள் கிடையாது. அந்த ரெண்டு வாரம் நமக்குக் கிடைச்ச இனாம்னுதான் இத்தனை நாளா நினைச்சிருக்கோம். அது நமக்கு உள்ளது இல்ல. பிள்ளைக்கு உள்ளது. அதை எடுத்துச் சோளத்துக்குப் போட்டா, பொறந்த பிள்ளைகிட்டயே திருடுறதுதான்.”

இசக்கித்துரை படத்தை இன்னொரு முறை பார்த்தார். சன்னல் வெளிச்சத்தில் எடுத்த படம். குழந்தை நன்றாகக் கண்ணைத் திறந்திருந்தது. கண்ணின் வெள்ளை, வெள்ளையாக இருந்தது.