இசைவாணிக்கு நடாத கல்

ஓசூரில் கைப்பேசிப் பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில், வேலையை நிரந்தரமாக்கும் முன் நடத்துகிற உடல் பரிசோதனையில், பள்ளத்திட்டு மண்ணாங்கட்டியின் மகள் இசைவாணிக்கு எடை எதுவும் இல்லை என்று தெரிந்தது. உயரம் இருந்தது, ரத்தம் இருந்தது, கண் பார்வை பழுதில்லாமல் இருந்தது. எடை மட்டும் இல்லை. டாக்டரம்மா மெஷினைத் தட்டிப் பார்த்தார், பேட்டரி மாற்றினார், தானே ஏறி நின்று பார்த்து முகத்தைச் சுளித்துக்கொண்டு இறங்கினார். மெஷினில் கோளாறு ஒன்றும் இல்லை. ஆடி கழிந்து மறுபடி வரச் சொன்னார்கள். அப்போதும் எடை இல்லையென்றால் வேலையும் இல்லை என்று சொல்லி அனுப்பினார்கள்.

பள்ளத்திட்டைத் தெரியாதவர்களுக்கு இது விளங்காது. திருவெண்ணெய்நல்லூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, கரும்புக் கொல்லைகளைத் தாண்டி நடந்தால் பெண்ணையாறு இரண்டாகப் பிரிகிற இடம் வரும். நடுவில் இரண்டு கரடு, அவற்றுக்கு இடையில் ஒரு பள்ளம், பள்ளத்தில் ஊர். கோடையில் மணலில் நடந்தே போய்விடலாம். தண்ணீர் வந்துவிட்டால் பிளாஸ்டிக் டிரம்களைக் கட்டிய தெப்பம்தான். தண்ணீர் வந்தால் திட்டு மிதக்கும். அது எந்தக் காலத்திலும் மிதந்துதான் வந்திருக்கிறது. அங்கே பிறந்தவர்கள் யாரும் இதைப் பெரிய விஷயமாகச் சொல்லிக்கொள்வதில்லை. மிதக்கிற பொருள் என்றால் பாரம் இரண்டு பக்கமும் சரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஐப்பசியில் நத்தைகுத்தி நாரைகளும் நீர்க்காகங்களும் வந்து கிழக்குக் கரை நீர்மருது மரங்களில் அடையும்போது, ஊரார் ஆடுகளை மேற்குக் கரட்டுக்கு ஓட்டிவிடுவார்கள். முள்ளுக்காட்டில் நரி குட்டி போட்டால் அன்றைக்கே தெரிந்துவிடும், வீட்டுக் குடங்களில் தண்ணீர் ஒரு பக்கமாகத் தளும்பும். தீபாவளிக்கு வெடி கிடையாது. பறவைகள்மேல் எத்தனை இரக்கம் என்று வெளியூர்க்காரர்கள் வாய் ஓயாமல் புகழ்வார்கள். இரக்கமும் உண்டுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அத்தனை பறவையும் ஒரே நேரத்தில் எழும்பினால் திட்டு குலுங்கி அடுப்பிலிருக்கிற குழம்பு கொட்டிவிடும், அதையும் பார்க்க வேண்டும் அல்லவா.

கல்யாணமோ வேலையோ, ஊரை விட்டு ஒருவர் போனால் அவருக்கு ஈடாக ஒரு கல் நட வேண்டும். புறப்படுகிற நாளில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை மூட்டை நிறுக்கிற பெரிய தராசில் ஒரு தட்டில் ஆளை உட்கார வைப்பார்கள், மறு தட்டில் கல்லை ஏற்றிச் சரிபார்ப்பார்கள், பிறகு அந்தக் கல்லைப் பள்ளத்தில் கொண்டுபோய் நடுவார்கள். இப்படி நட்ட கற்கள் பள்ளம் முழுக்க நிற்கின்றன. விழுப்புரத்திலிருந்து வந்த கல்லூரிக்காரர்கள் அவை பெருங்கற்காலத்தவை என்று பலகை வைத்துவிட்டுப் போனார்கள். ஊரார் மறுக்கவில்லை, அடியில் கிடப்பவை அவ்வளவு பழசாகவும் இருக்கலாம். பலகையின் பாரத்துக்கு ஈடாக எதிர்ப்பக்கத்தில் ஓர் ஆட்டுக்கல்லை மட்டும் நகர்த்தி வைத்தார்கள். செத்தவர்களுக்குக் கல் கிடையாது, அவர்கள் ஊரிலேயே புதைந்திருக்கிறார்கள். கல் நட்டவர்கள் எப்போதாவது வருவார்கள். வந்தால் கால் கழுவச் சொம்பில் தண்ணீர் கொடுத்து, புதுப் பாய் விரிப்பார்கள். அதாவது விருந்தாளி.

கல் நடுகிற வேலை மண்ணாங்கட்டியுடையது. சொந்த நிலம் கிடையாது, கரும்பு வெட்டும் கூலிதான், ஆனால் கல்லைத் தூக்கினால் சாணி உருண்டையைத் தூக்குகிற மாதிரி தூக்குவார். ஊரில் யார் வீட்டுப் பெண்ணுக்கும் பையனுக்கும் கல் நட்டது அவர் தோள்தான். போன ஆவணியில் இசைவாணி ஓசூருக்குப் புறப்பட்டபோதும் முறைப்படி தராசு கட்டி, கல்லை எடுத்து வைத்தார்கள். மறுநாள் நட வேண்டிய அந்தக் கல்லை மண்ணாங்கட்டி வீட்டுக்குப் பின்னால் உருட்டிக்கொண்டு போய், மேலே கோழிக் கூடையைக் கவிழ்த்துவிட்டார். கேட்டவர்களுக்கெல்லாம் ஒரு சாக்கு சொன்னார்.

கிழக்கே கரும்பு வைத்திருக்கும் வேங்கடேசனுக்குத்தான் முதலில் பொறுக்கவில்லை. திட்டு சாய்ந்தால் முதலில் முழுகுவது அவர் கொல்லை. நேரே வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார்.

"ஏம்பா மண்ணாங்கட்டி, எம் பொண்ணு அஸ்வினி திண்டிவனத்துக்கு வாக்கப்பட்டுப் போனப்ப கல்லு நட்டது நீதான? நான் அழுதுக்கினு நிக்கறேன், 'ஜல்தியா புடிங்க, தோள் வலிக்குது'ன்ன. இப்ப உம் பொண்ணுன்னா மட்டும் இன்னா?"

"தை பொறக்கட்டுங்க" என்றார் மண்ணாங்கட்டி.

கார்த்திகையில் புயல் வந்தது. ஆறு இரு கரையும் தொட்டு ஓடியது, திட்டு நன்றாகவே மிதந்தது. இந்த முறை கவிழ்ந்தோம் என்று ஊரே கரட்டின்மேல் ஏறி நின்றது. ஒன்றும் ஆகவில்லை. குடத்துத் தண்ணீர்கூடத் தளும்பவில்லை. வேங்கடேசன் தலையைச் சொறிந்துகொண்டு வீட்டுக்குப் போனார், போகிற வழியில் மண்ணாங்கட்டியை முறைத்தார். தை பிறந்தது. மாசியில் மேல்மலையனூர் மயானக்கொள்ளைக்குப் போய்விட்டு வந்து நடுகிறேன் என்றார் மண்ணாங்கட்டி. போனார், அங்காளம்மனைக் கும்பிட்டார், வந்தார், நடவில்லை.

ஆனியில்தான் இசைவாணி போன் செய்தாள். மண்ணாங்கட்டியின் மனைவி சின்னபொண்ணு ஸ்பீக்கரில் போட்டு அம்மிமேல் வைத்தாள்.

"ப்பா, எனக்கு வெயிட்டே இல்லன்றாங்கப்பா. மொதல்ல ஆஸ்டல் சோறு சேரலன்னு நெனச்சேன். வர வர ரொம்ப பேஜாரா கீதுப்பா. ரூம்ல ஃபேன் போட்டா நான் ஒரு எடத்துல நிக்க மாட்டேன், என்னால எல்லாப் பொண்ணுங்களும் வேர்த்துக்கினு படுத்துக்கினு கீதுங்க. பையில ரெண்டு செங்கல்ல போட்டுக்கினுதான் வேலைக்குப் போறேன். ஆடிக் காத்து வந்தா இன்னாப்பா பண்றது?"

சின்னபொண்ணுதான், "பயப்படாத பாப்பா, அப்பா பாத்துக்கும்" என்று சொல்லி வைத்தாள். வைத்துவிட்டுப் புருஷனைப் பார்த்தாள்.

"யோவ், உள்ள வா."

இசைவாணி படுக்கும் நைலான் கட்டில் மூலையில் கிடந்தது. சின்னபொண்ணு மேலே போட்டிருந்த போர்வையை எடுத்தாள். கட்டிலில் யாரும் இல்லை. ஆனால் நடுவில் நைலான் பட்டைகள் ஓர் ஆள் படுத்த அளவுக்குத் தொய்ந்து கிடந்தன. தலைப்பக்கம் கொஞ்சம், இடுப்புப் பக்கம் அதிகம், ஒருக்களித்துப் படுத்த மாதிரி.

"அவ போன நாள்லேந்து இப்படித்தான் கீது. நீ கல்ல நடல, அவ வெயிட்டு இங்கயே தங்கிடுச்சி. நானும் சொல்லாம வெச்சிக்கினேன்யா, உன்ன மட்டும் கொற சொல்லல. தெனம் ராத்திரி போர்வைய இழுத்து உடுவேன், மனசுக்கு ஆறுதலா இருந்துது. ஆனா புள்ள அங்க நிக்க முடியாம நிக்கறா."

மண்ணாங்கட்டி கட்டில் ஓரமாகத் தரையில் உட்கார்ந்தார். தொய்வின்மேல் கையை வைத்துப் பார்த்தார். எங்கோ போய்ப் பிழைத்துக்கொள்ளட்டும் என்றுதான் பெண்ணைப் படிக்க வைத்தார், பஸ் ஏற்றிவிட்டதும் அவர்தான். இருந்தும் சொம்பில் தண்ணீர் கொண்டுபோய் அவளிடம் நீட்டுகிற நாளை நினைக்க அவரால் முடியவில்லை. வாய்விட்டு அழுதார். சின்னபொண்ணு தடுக்கவில்லை, அடுப்பில் கேப்பைக் களி அடிப்பிடித்ததைக்கூட அவள் பார்க்கப் போகவில்லை.

மறுநாள் காலையில் கோழிக் கூடையைத் தூக்கி ஓரம் வைத்தார். செய்தி எப்படிப் போனதோ, கைகொடுக்க வேங்கடேசன் வந்து நின்றார். கல்லைத் தூக்கும் முன் மண்ணாங்கட்டி உளியைப் போட்டு ஓர் ஓரத்தைத் தட்டினார். ஒரு கைப்பிடி அளவுக்குச் சில்லு தெறித்தது. அதை எடுத்து ஆற்றுப் பக்கம் வீசினார். கல்லைத் தட்டக் கூடாது, தராசில் நின்றபடியே நட வேண்டும் என்பது வேங்கடேசனுக்கு நன்றாகத் தெரியும். மழை வருமா என்று பார்க்கிற ஆள்போல மேற்கே திரும்பி நின்றுகொண்டார். பிறகு இருவரும் கல்லைத் தூக்கினார்கள். "மெதுவா வாப்பா, ஒண்ணும் அவசரமில்ல" என்றார் வேங்கடேசன்.

கல் மண்ணில் இறங்கியபோது இசைவாணி கம்பெனி கேன்டீனில் இட்லித் தட்டோடு வரிசையில் நின்றிருந்தாள். பாதம் இரண்டும் அத்தனை அழுத்தமாகத் தரையில் ஊன்றியதில் தட்டு கைநழுவி விழுந்தது. மாதக்கணக்கில் சுமக்காத உடம்பு, கெண்டைக்கால் இரண்டும் வலித்துத் தள்ளின. மாடிப்படி ஏறும்போது பாட்டி மாதிரி முனகினாள். ரூமில் ஃபேன் போட்டார்கள். ஆடிக் காற்று வந்து ஆஸ்டல் மொட்டைமாடியில் காயப்போட்ட துணிகளை எல்லாம் வாரிக்கொண்டு போனது. அவளை ஒன்றும் செய்யவில்லை. ஆடி கழிந்ததும் மெஷினில் ஏறி நின்றாள், வேலை நிரந்தரமானது. அன்று சாயங்காலமே போன் செய்தாள்.

"ப்பா, வெயிட்டு வந்துடுச்சி. ஆனா ஊர்ல தராசுல உக்காந்தப்ப இருந்ததுக்குக் கொஞ்சம் கம்மியா காட்டுது."

"கல்லு ஒரு ஓரம் ஒடஞ்சிபோச்சி பாப்பா."

"ஒடஞ்சிபோச்சா, நீ ஒடச்சியா?"

மண்ணாங்கட்டி போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார். அந்தப் பக்கம் கம்பெனி பஸ் ஆரன் அடிப்பது கேட்டது, யாரோ அவளைக் கூப்பிட்டார்கள்.

"சரி, இருக்கட்டும்பா" என்றாள் இசைவாணி. "அத நீயே வெச்சிக்க."

அதற்குப் பிறகு அவள் பொங்கலுக்கும் வந்திருக்கிறாள், ஆற்றுத் திருவிழாவுக்கும் வந்திருக்கிறாள். கட்டிலின் தலைப்பக்கம் ஒரு கைப்பிடி அளவுக்கு இன்னும் தொய்ந்து கிடக்கிற அந்த எடையை அவள் ஒருமுறையும் திருப்பிக் கேட்டதில்லை. மண்ணாங்கட்டியும் கொடுக்கவில்லை.