தொண்ணூற்றிரண்டாம் பக்கம்

எங்கள் தாம்பெரே நகரப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்கான வாதம் ஊருக்கே பொது. கடைசியில் மாணவர் எழுந்து, "மறுப்பு உள்ளவர்கள் பேசலாம்" என்று சொல்லியே ஆகவேண்டும். ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். காபிக்குப் போகிற அவசரம். அன்றைக்கு ரெய்யோ என்றொருவர் எழுந்தார்.

அன்றைய மாணவி ஹென்ரீக்காவின் வழிகாட்டி நான். வீடியோ கேம் ஆளை எப்படி அடிமையாக்குகிறது என்பது அவள் ஆய்வு. ஐந்து வருட உழைப்பு. ஆய்வைச் சோதிக்க ஸ்வீடனிலிருந்து வந்த எதிர்வாதி இரண்டு மணி நேரம் குடைந்துவிட்டு வாயால் சரி சொல்லியிருந்தார். கையெழுத்து இன்னும் விழவில்லை.

ரெய்யோ மூடிப்போன காகித ஆலையின் சட்டையைப் போட்டிருந்தார். அறுபது வயதிருக்கும்.

"தொண்ணூத்திரெண்டாம் பக்கத்துல பதினாலாம் ஆட்டக்காரர்னு போட்டிருக்கியே, அது நான்தாம்மா. ஆட்டத்துல குடுக்கற இலவசக் காசுக்கு மயங்கி தெனம் காலையில ஆறு மணிக்குப் பண்ணை விளையாட்டத் தொறக்கறேன்னு எழுதியிருக்க."

"பதிவெல்லாம் அப்படித்தாங்க காட்டுது."

"அந்தக் காசு ராத்திரி பன்னெண்டுக்கே விழுந்துருமே. நான் எதுக்கு ஆறு வரைக்கும் காத்திருக்கணும்?"

அவை சிரித்தது. எனக்குச் சுருக்கென்றது. இவ்வளவு படித்தவர்களுக்கு இந்தச் சின்னக் கணக்கு தோன்றவில்லையே!

"ஆறு மணி எங்க ஷிப்டும்மா. ஆலைய மூடிட்டான். கூட வேலை பார்த்த நாங்க அஞ்சு பேரும் போன் போட்டு சௌக்கியமான்னு கேட்டுக்கற ரகமில்ல, கூச்சம். அதனால அந்த ஆட்டத்துல அவனவன் வயலுக்குத் தண்ணி ஊத்துவான். ஏழுக்குள்ள எவன் வயலாச்சும் காஞ்சு கெடந்தா, மத்தவங்க போய்க் கதவத் தட்டுவோம். போன பனிக்காலத்துல பென்ட்டி குளியலறையில விழுந்து கெடந்தான். உசுரோட தூக்கினோம். இதுக்கா அடிமைன்னு பேரு?"

தப்பித்துக்கொள்ள ஆயிரம் சொற்கள் உண்டு. அவற்றைக் கற்றுக்கொடுத்தவனே நான்தான். ஏதாவது சொல்லிச் சமாளித்துவிடு பெண்ணே என்று மனதுக்குள் கெஞ்சினேன்.

"எத்தனை தடவைன்னு எண்ணினேன், ஏன்னு கேக்கலீங்க," என்றாள் ஹென்ரீக்கா. "அந்தப் பக்கம் தப்பு."

எதிர்வாதி புத்தகத்தை மூடினார். "நானும்தான் கேக்கல," என்று முணுமுணுத்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுத்துப் பேசியவரை அன்றைய விருந்துக்கு அழைப்பது வழக்கம். அவளே போய் அழைத்தாள். ரெய்யோ அவள் கையிலிருந்த ஆய்வேட்டைப் புரட்டினார்.

"அஞ்சு வருஷமும் ஒத்தையிலயா எழுதின?"

ஆமென்று தலையாட்டினாள்.

"பென்ட்டி மக வீட்டோட போயிட்டான். அவன் வயல் சும்மா கெடக்கு, எடுத்துக்கறியா? ஆனா வரலேன்னா கதவத் தட்டிருவோம், சொல்லிட்டேன்."

அவள் ஆய்வேட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, தன் வீட்டு முகவரியை எழுதிக் கொடுத்தாள்.